தோவாளையில் ஒரு விமானமும் ஆறு போல்ட்டும்

போன ஜனவரியில் ஒரு சனிக்கிழமை தோவாளைக்குப் போனேன். ஊர் சுற்ற அல்ல, தங்கச்சி ஜெபா அனுப்பினாள். அவள் வீட்டுக்காரர் செல்வின் வளைகுடாவிலிருந்து திரும்பி, மூடிப்போன ஒரு பறக்கும் பயிற்சிக் கழகத்திடம் பழைய விமானம் ஒன்றை வாங்கினார். இரண்டே இருக்கை. இரண்டு வருடமாக இறக்கைத் துணியை மாற்றி, துருவைச் சுரண்டி, இப்போது புது எஞ்சினும் மாட்டியாயிற்று. அன்று மதியம் பன்னிரண்டு மணிக்கு விமானத்தைக் கட்டிப்போட்டு, அவரே உள்ளே உட்கார்ந்து எஞ்சினை முழு வேகத்தில் ஓட்டிப் பார்ப்பதாகத் திட்டம்.

"எஞ்சின் நெசமாவே புதுசான்னு பாருண்ணே. அவருக்கு எல்லாரும் நல்லவங்க," என்றாள் ஜெபா. நான் வாகனக் காப்பீட்டு சர்வேயர். எனக்கு யாருமே நல்லவர் இல்லை.

மதுரை மாட்டுத்தாவணியில் காலை 4.30 பஸ். தோவாளை சுமார் 230 கிலோமீட்டர், டிக்கெட் நாகர்கோவிலுக்குத்தான், 260 ரூபாய். தோவாளையில் இறக்கிவிடுவதாக நடத்துநர் சொன்னதை நான் நம்பவில்லை. ஆரல்வாய்மொழி தாண்டியதுமே படிக்கட்டில் போய் நின்றுகொண்டேன். 9.20க்கு இறக்கித்தான் விட்டார். பூச்சந்தை வாசலில் ஆட்டோ, மூன்று கிலோமீட்டருக்கு நூறு ரூபாய்.

"பிளேன் ஷெட்டுக்கா? அது பறக்குமா ஸார்?" என்றார் ஓட்டுநர். அதைத்தான் பார்க்க வந்தேன் என்றேன்.

வயல் நடுவே பழைய நெல் கிடங்குதான் ஷெட். செல்வினோடு சூசை இருந்தார். கடியப்பட்டணத்துக்காரர், முப்பது வருடமாக மீன்பிடிப் படகு எஞ்சின் பார்ப்பவர். படகுக்காரருக்கு விமானத்தில் என்ன வேலை என்று அவரைப் பார்த்ததுமே எனக்கு உறுத்தியது. பில்லில் உள்ள எண், பெட்டியில் உள்ள எண், எஞ்சினில் பொறித்த எண் மூன்றையும் ஒப்பிட்டேன். பழசுக்குப் பெயிண்ட் அடித்திருக்கிறார்களா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

11.40க்கு விமானத்தின் வாலைப் படகுக் கயிற்றால் புளியமரத்தில் கட்டினார்கள். செல்வின் ஏறி உட்கார்ந்தார். நான் சும்மா இருக்காமல், எஞ்சின் முன்னால் சுழலும் காற்றாடியைப் பிடித்திருக்கும் ஆறு போல்ட்டுகளில் ஒன்றின் பெயிண்டை வீட்டுச் சாவியால் சுரண்டினேன். எங்கள் தொழில் பழக்கம். உள்ளே மஞ்சளாகத் தெரிந்தது.

"சூசை, இது என்ன, பித்தளையா?"

"நான்தான் மாத்தினேன் ஸாரே," என்றார் பெருமையாக. "உப்புக்காத்துல இரும்பு துருப்பிடிச்சிப் போவும். பின்ன, காத்தாடி பாறையிலயோ வலையிலயோ தட்டிச்சின்னா முதல்ல இதுதான் அறுந்து போவணும். எஞ்சின் தப்பிச்சிரும். போட்டுல அப்படித்தான் செய்வோம்."

செல்வின் கீழே இறங்கினார். "ஓடும்போது இது அறுந்தா காத்தாடி கழண்டு பறக்குமே சூசை."

சூசை நம்பவில்லை. ஸ்பேனரை எடுத்து, "எவ்வளவு இறுக்கம்னு பாருங்க," என்று ஒரு திருகு திருகினார். போல்ட்டின் தலை ஸ்பேனரோடு கையில் வந்துவிட்டது.

"நான் காத்தாடிக்க பக்கத்துலதான் நிக்கப் போனேன்," என்றார் சூசை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

எஞ்சினோடு வந்த எஃகு போல்ட்டுகளைச் சூசை எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி பிஸ்கட் டப்பாவில் பத்திரமாக வைத்திருந்தார். அவற்றை மாட்டி, செல்வின் கையேட்டைப் பார்த்து இறுக்க, 2.15க்கு எஞ்சின் ஓடியது. இருபது நிமிடம். நான் புளியமரத்துக்குப் பின்னால்தான் நின்றேன்.

செல்வினின் விமானத்தைப் பார்க்கப் போகிறவர்கள் முன்னாடியே போன் பண்ணிக் கேட்டுவிட்டுப் போங்கள். பறக்க அனுமதி இன்னும் வரவில்லை, ஏற்றிப் போகச் சொல்லிக் கெஞ்சாதீர்கள். தோவாளையிலிருந்து வடசேரி பஸ் நிலையம் பதினோரு கிலோமீட்டர், டவுன் பஸ் அடிக்கடி உண்டு. நீங்களே இப்படி ஒன்றைச் சரிபண்ணுகிறீர்கள் என்றால், வேறு தொழிலில் கைதேர்ந்தவர் மாற்றியதை எல்லாம் கேட்டுக் கேட்டுப் பாருங்கள். அவர் நல்லவராக இருந்தால் இரண்டு தடவை கேளுங்கள்.

கிளம்பும்போது சூசை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். இப்போதும் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் போன் பண்ணுகிறார். "ஸாருக்குத் தெய்வக் கண்ணு," என்கிறார். நான் ஏன் சுரண்டினேன் என்று அவரிடம் இதுவரை சொல்லவில்லை. நல்ல போல்ட்டுகளை அவர் விற்றுத் தின்றிருப்பார் என்று நினைத்துத்தான் சுரண்டினேன்.