சைவமா?

1994 மாசி மகத்துக்கு முந்திய வாரம். மருத்துவமனையில் என் அண்ணனுக்கு அடுத்த கட்டிலில் ரப்பர் தோட்டத்துப் பால்வெட்டுக்காரர் ஒருவர் இருந்தார். நெடிய உருவம், நீலம் பாய்ந்த உதடுகள். காவடிக்காக விரதம் இருந்ததால் பிஸ்கட் கொடுத்தாலும், “சைவமா தம்பி?” என்று கேட்டுத்தான் தொடுவார்.

அவருடைய இதய வால்வு பழுதாகியிருந்தது. கோலாலம்பூருக்குப் போய் உடனே மாற்றாவிட்டால் உயிருக்கு ஆபத்து என்றார் டாக்டரம்மா. உலோக வால்வு வைத்தால் ரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுக்க மருந்து சாப்பிட வேண்டும். பால்வெட்டுக் கத்தி கீறினால் ரத்தம் நிற்காது. அதனால் பன்றி வால்வுதான் நல்லது என்றார்.

“அது சைவமா டாக்டரம்மா?”

வார்டே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

“பன்னிய நெஞ்சுல வெச்சிக்கிட்டு எப்படிலா காவடி எடுக்கிறது? மகம் முடியட்டும், அப்புறம் பன்னியோ மாடோ வெச்சிக்கலாம்,” என்றார் என்னிடம்.

மகத்துக்கு மறுநாள் போனபோது அந்தக் கட்டில் காலியாக இருந்தது.

“நேத்து காலையில மஞ்ச வேட்டி கட்டிக்கிட்டுக் கெளம்புனாரு. லிஃப்ட் கிட்டயே விழுந்துட்டாரு, போயிட்டாரு,” என்றார் அண்ணன்.

“எதுக்காம் அந்த நேர்த்திக்கடன்?”

“நெஞ்சு நல்லாவணும்னுதான்.”