நூற்றைம்பது ரூபாய் யானைக்கு அறுபத்தாறு புள்ளி

அத்தான் அந்தப் பிளாஸ்டிக் கூட்டை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டியபோது, நான் மென்றுகொண்டிருந்த கச்சான் கடலை தொண்டையிலேயே நின்றுவிட்டது.

“அறுபத்தாறடா! எழுபதுக்கு அறுபத்தாறு! நீ பள்ளிக்கூடத்தில ஒரு பாடத்திலயாவது உப்பிடி எடுத்தனியோ?”

எடுத்ததில்லை. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் கைவிட்டுவிட்டோம். ஆனால் நான் திகைத்தது அதற்காக இல்லை. அந்தக் கூட்டுக்குள் இருந்தது அத்தானின் வெள்ளிக் காசே இல்லை. வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குப் போனபோது, கச்சான் கடைக்குப் பக்கத்தில் சாவிக் கோர்வையும் மோதிரமும் விற்ற ஒருவரிடம் நூற்றைம்பது ரூபாய் கொடுத்து நான் வாங்கிய விளையாட்டுச் சாமான் அது. அதை அங்கே போக வைத்ததும் நான்தான்.

அத்தான் என் அக்காவின் கணவர். செட்டிகுளத்தில் வயல் செய்கிறார். அவருடைய தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து, இங்கே குளத்தடியில் காணி கிடைத்து வந்தபோது கொண்டுவந்த ஒரு வெள்ளிக் காசு வீட்டில் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்துக் காசு. ஒரு பக்கம் ராசாவின் தலை, மறுபக்கம் யானை. மாரி மழையோடு விதைக்கும் ஒவ்வொரு காலபோகத்துக்கும் முதல் பிடி விதைநெல்லோடு அந்தக் காசையும் கையில் பொத்திப் பிடித்துக்கொண்டு போய், விதைத்து முடிந்ததும் திருப்பிப் பானைக்குள் போடுவது அந்த வீட்டு வழக்கம். இடம்பெயர்ந்து திரிந்த காலத்திலும் அந்தப் பானை கூடவே போய் வந்தது என்று அக்கா சொல்லுவா.

வவுனியாவில் மோட்டார் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் ஒரு முதலாளிக்குப் பழைய காசு என்றால் பைத்தியம். அவருடைய கடைக்குப் பின்னால் ஒரு லாண்ட்மாஸ்டர், அந்த இரண்டு சில்லு உழவு இயந்திரம், சும்மா நின்றது. அத்தானோ ஒவ்வொரு போகமும் உழவுக்கு ஆள் பிடிக்க ஊர் முழுக்க அலைந்து, மழை போன பிறகுதான் விதைப்பார். முதலாளி ஒரு நாள் சொன்னார்:

“யானைக் காசைத் தாரும், லாண்ட்மாஸ்டரைக் கொண்டு போம். ஆனா சும்மா காசு வேண்டாம். தரம் போடுற இடத்துக்கு அனுப்பி, அசல் எண்டு கூட்டில அடைச்சுக்கொண்டு வாரும். எத்தினை புள்ளி எண்டாலும் பரவாயில்லை.”

காசுக்குப் புள்ளி போடும் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். வெளிநாட்டுக்கு அனுப்பினால் அசலா போலியா என்று பார்த்து, எழுபதுக்கு இத்தனை என்று எழுதி, திறக்க முடியாத பிளாஸ்டிக் கூட்டில் ஒட்டி அனுப்புவார்களாம். பெயர் பெற்ற இடங்களுக்கு அனுப்பச் செலவும் கூட, நாளும் கூட. முதலாளிதான் ஒரு சின்ன நிறுவனத்தைச் சொன்னார். பெரிய நிறுவனத்தின் பெயரில் ஒரேயொரு எழுத்தை மாற்றி வைத்த மாதிரி ஒரு பெயர். கொழும்பில் ஒரு முகவர் பார்சல்களைச் சேர்த்து அனுப்புகிறார். கெதியாக வருமாம். தானும் அங்கேதான் அனுப்புவதாக முதலாளி சொன்னதும் அத்தானுக்கு வேறு கேள்வி இருக்கவில்லை.

பார்சல் கட்டிய காலையில் எனக்கு விரல் அரித்தது. பஞ்சுக்குள் சுற்றியிருந்த காசை எடுத்துவிட்டு என்னுடைய நூற்றைம்பது ரூபாய் யானையை வைத்தேன். அத்தான் ஒரு நாளைக்கு மூன்று தரம் காசை எடுத்துப் பார்க்கிற மனிதர். ஒட்டுவதற்கு முன் கட்டாயம் பார்ப்பார், கத்துவார், நான் ஓடுவேன் என்பதுதான் திட்டம். அன்றைக்கென்று பஸ் ஐந்து நிமிடம் முந்தி வந்துவிட்டது. அவர் பஞ்சைப் பிரிக்காமலே ஒட்டிக்கொண்டு ஓடினார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் ‘உங்கள் காசு போலி’ என்று கடிதம் வரும்போது அத்தானின் முகம் எப்படிப் போகும் என்று நினைக்க நினைக்க எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கடிதம் வந்த கையோடு உண்மைக் காசை நீட்டி ஆளைக் குளிர வைக்கலாம் என்று, அதை ஒரு வெறும் பால்மாத் தகரப் பேணிக்குள் போட்டு என் கட்டிலுக்குக் கீழே வைத்தேன்.

கடிதம் வரவில்லை. அறுபத்தாறு வந்தது.

கூட்டை வாங்கி மேலே ஒட்டியிருந்த சீட்டை எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசித்தேன். அசல் என்று இருந்தது. வெள்ளி என்று இருந்தது. இயற்கையாகவே பழசான நிறம் என்றுகூட எழுதியிருந்தார்கள். நாங்கள் வற்றாப்பளையிலிருந்து வரும்போது அந்தக் காசு ஒரு பை கச்சானுக்குள் கிடந்தது. அந்த எண்ணெய்ப் பிசுக்குத்தான் அவர்களுக்குப் பழைய நிறம்!

“முதலாளிக்குப் படம் அனுப்பிட்டன்,” என்றார் அத்தான். “அறுபத்தாறு எண்டதும் மனுசன் துள்ளுறார். லாண்ட்மாஸ்டரோட, பின்னால கொளுவி இருந்து ஓட்டுற றெயிலரையும் தாறாராம். நாளைக்குக் காலமை வரச் சொல்லிப்போட்டார்.”

நாளைக்குக் காலை. அத்தான் அந்தத் தகரத்தை இன்னொரு மனிதரின் கையில் கொடுத்து இயந்திரத்தை ஓட்டிக்கொண்டு வரப்போகிறார். பிறகு ஒரு நாள் பிடிபட்டால் வவுனியாவில் அவர் கள்ளன்.

“அத்தான், ஒரு கதை. கோவிக்கப்படாது.”

“சொல்லு.”

“அது உங்கட காசு இல்லை. நான் மாத்தி வைச்சனான். அது கோயிலடியில வாங்கினது.”

அத்தான் விழுந்து விழுந்து சிரித்தார். “அக்காட்டச் சொல்லு, தேத்தண்ணி போடட்டும். உனக்கு இண்டைக்கு வேற பகிடி கிடைக்கேல்லையோ?”

“அம்மாளாச்சி அறியச் சொல்லுறன், உண்மை.”

“போன மாசம் விதைநெல்லுச் சாக்குக்குள்ள நாகபாம்பு எண்டும் அம்மாளாச்சி அறியத்தானே சொன்னனீ? நான் வேலி பாஞ்சு கால் சுளுக்கினது மறந்து போச்சோ?”

ஓடிப்போய்ப் பேணியைக் கொண்டுவந்து உண்மைக் காசை அவருடைய கையில் வைத்தேன். அவர் அதையும் பார்த்தார், கூட்டையும் பார்த்தார். அப்போது சொன்னதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி.

“ஓ! உதுதான் நீ வாங்கின கள்ளக் காசு. பாரன், கறுத்துப்போய், தேஞ்சுபோய்... ஆரை ஏமாத்தப் பாக்கிறாய்? தரம் போடுற லாப்பில பாத்தவன் பொய், பேணிக்குள்ள இருந்து எடுத்த நீ உண்மையோ?”

முப்பது வருடமாகக் கையில் பொத்திப் பிடித்த காசை அந்த மனிதருக்குத் தெரியவில்லை. கூட்டில் எழுதியிருந்ததுதான் தெரிந்தது.

நான் வேலை செய்வது கைத்தொலைபேசி திருத்தும் கடையில். உடைந்த ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய ஒரு காந்தம் எப்போதும் என் காற்சட்டைப் பைக்குள் கிடக்கும். அதை எடுத்துக் கூட்டுக்குக் கிட்டக் கொண்டுபோனேன். டக்கென்று கூடு காந்தத்தோடு ஒட்டிக்கொண்டது. தூக்கினேன். அறுபத்தாறு புள்ளியும் அந்தரத்தில் தொங்கி ஆடியது.

“வெள்ளி காந்தத்தில ஒட்டுமோ அத்தான்?”

குசினியிலிருந்து வந்த அக்கா உண்மைக் காசை எடுத்துச் சேலைத் தலைப்பில் துடைத்து, வாசல் வெளிச்சத்தில் பிடித்தா.

“இஞ்ச பாருங்கோ. தும்பிக்கைக்குப் பக்கத்தில மண்வெட்டி பட்ட வடு. நாங்கள் கலியாணம் கட்டின வருசம் வயலுக்க விழுத்திப்போட்டுக் கிண்டேக்க பட்டது. நீங்கள் ரெண்டு நாள் சாப்பிடேல்லை. மறந்திட்டியளே?”

கூட்டுக்குள் இருந்த யானைக்கு வடு இல்லை. மண்வெட்டி வெட்டிய காசுக்கு எப்படி அறுபத்தாறு வரும் என்று அந்தச் சீட்டைப் பார்த்த நேரமே நாங்கள் கேட்டிருக்க வேண்டும். புள்ளி கூடக் கிடைத்தால் யார்தான் கேள்வி கேட்கிறார்கள்?

எனக்கு அடிக்க அக்கா கூட்டுகிற தும்புக்கட்டையைத் தேடினா. நான் வெளியே ஓடினேன். திரும்பி வந்தபோது அத்தான் கதிரையில் அப்படியே இருந்தார். காசும் கூடும் இரண்டும் அவருடைய மடியில்.

“முதலாளி கேட்டது கூட்டைத்தானே,” என்றார், யாருக்கும் இல்லாமல். “கூட்டுக்குத்தானே றெயிலரும் தாறார்.”

எனக்குப் பகிடி விட வாய் வரவில்லை.

அடுத்த நாள் பஸ்ஸில் அவர் சட்டைப் பையைப் பொத்திப் பிடித்துக்கொண்டே வந்தார். அதற்குள் எது இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கடையில் முதலாளி பிளேன்ரீ எடுப்பித்து வைத்துவிட்டுக் கையை நீட்டினார். அத்தான் முதலில் கூட்டை எடுத்து மேசையில் வைத்தார். பிறகு கைலேஞ்சி முடிச்சை அவிழ்த்து வெறுங்காசையும் பக்கத்தில் வைத்தார்.

“அண்ணை, கூட்டுக்குள்ள இருக்கிறது தகரம். வெளிய இருக்கிறதுதான் காசு. இந்த அறுவான் பகிடிக்கு மாத்தி வைச்சவன். அவங்கள் தகரத்துக்குத்தான் புள்ளி போட்டிருக்கிறாங்கள்.”

முதலாளி சிரித்தார். நான் காந்தத்தை எடுத்துக் கூட்டைத் தூக்கிக் காட்டினேன். அவர் சிரிப்பை நிறுத்த மறந்துபோனார். பல்லு வெளியே நிற்க, கண் மட்டும் மாறியது.

எழும்பிப் போய்க் கடையின் சட்டரைப் பாதி இறக்கினார். உள் அலுமாரியைத் திறந்தார். அதே நிறச் சீட்டு, அதே கூடு. பதினொன்று.

“தம்பி, அந்தக் காந்தத்தைத் தாரும்.”

நான்கு ஒட்டின. ஏழு ஒட்டவில்லை. ஒட்டாததை வைத்துக்கொண்டுதான் அவர் கூடக் கலங்கினார்.

“செம்பில செய்தாலும் ஒட்டாதே... ஈயத்தில செய்தாலும் ஒட்டாது. அப்ப இது என்ன? நான் இவ்வளவு நாளும் என்னத்தைச் சேத்தனான்?”

“ஒரு தரமாவது போலி எண்டு திருப்பி அனுப்பினவங்களோ, அண்ணை?” என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். யோசிக்க யோசிக்க முகம் வெளுத்தது. “ஒரு தரமும் இல்லையடா தம்பி. நான் அதைத்தான் பெருமையா எல்லாருக்கும் சொல்லித் திரிஞ்சனான்.”

பிறகு அவர் அத்தானின் வெறுங்காசைச் சின்னத் தராசில் போட்டார், வில்லை வைத்துப் பார்த்தார், காந்தத்தைக் காட்டினார். கடைசியில் அத்தானைப் பார்த்தார்.

“கூட்டை மட்டும் வைச்சிட்டுப் போயிருந்தா நான் கண்டுபிடிச்சிருக்க மாட்டன்.”

“ஓம் அண்ணை. ராத்திரி முழுக்க அதைத்தான் யோசிச்சனான்.”

முதலாளிக்கு அந்தப் பதில் பிடித்திருக்க வேண்டும். காசைச் சட்டைப் பைக்குள் போட்டார். “மிசினைக் கொண்டு போம். றெயிலர் இல்லை. அது அறுபத்தாறுக்குச் சொன்னது. இது மண்வெட்டி பட்ட காசு.”

அத்தான் தலையாட்டினார். காசு போன அந்தப் பையை ஒரு கணம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“எனக்கு பஸ் இருக்கு. நீ இதை வீட்ட கொண்டு வா.”

“றெயிலர் இல்லாமல் எதில இருந்து ஓட்டுறது, அத்தான்?”

“ஆர் இருக்கச் சொன்னது? பின்னால நட.”

மன்னார் வீதியில், கொதிக்கிற வெயிலில், லாண்ட்மாஸ்டரின் இரண்டு கைபிடியையும் பிடித்துக்கொண்டு செட்டிகுளம் வரை நடந்தேன். பின்னால் வந்த பஸ் யன்னலில் அத்தான் இருந்தார். கையைக் காட்டிவிட்டுப் போனார். பாதி வழியில் ஒரு தேத்தண்ணிக் கடையில் நின்றபோது, “எங்கையிருந்து தம்பி நடத்திக்கொண்டு வாறீர்?” என்று கேட்டார்கள். நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. “நல்லாக் கதை அவிக்கிறீர்,” என்று சொல்லி வடைக்குக் காசு வாங்கினார்கள்.

பையில் அந்தக் கூடு கிடந்தது. முதலாளி வேண்டாம் என்று தந்துவிட்டார். சீட்டில் இருந்த இலக்கத்தை அந்த நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் அடித்துப் பார்த்தேன். ஒரு பச்சை அடையாளத்தோடு வந்தது: அசல், வெள்ளி, அறுபத்தாறு.

முதலாளி அவர்களுக்குக் காந்தத்தின் படத்தோடு கடிதம் எழுதினார். பதில் இல்லை. காலபோகத்துக்கு முதல் மழையோடு அத்தான் உழுதார். இந்த முறை விதைநெல்லோடு பொத்திப் பிடிக்க அவரிடம் காசு இருக்கவில்லை. என்னுடைய யானையை நீட்டினேன். அக்காவின் தும்புக்கட்டை இந்த முறை குறி தப்பவில்லை.

நேற்றும் கடையில் சும்மா இருந்த நேரம் அந்த இலக்கத்தை அடித்துப் பார்த்தேன். இன்னும் அசல்தான்.