லேபிள் இல்லாத கஞ்சா

சனிக்கிழமை காலை பத்தரைக்கு லண்டனில் எங்கள் ஃபாரஸ்ட் கேட் பார்மசியின் போன் அடித்தது. நம்பர் எங்கள் நோயாளி சிவபாலன் அண்ணையுடையது. பேசியவரோ ஒரு போலீஸ்காரர். கல்யாண மண்டப வாசலில் நிற்கிறாராம். அவருக்கு முன்னால் பட்டுவேட்டியில் ஒருவர், கையில் பால்மா டின், டின்னுக்குள் கஞ்சா. அது மருந்து, இந்தப் பார்மசியில் வாங்கியது என்கிறாராம். உண்மையா?

உண்மைதான். ஆனால் சட்டென்று 'ஆமாம்' என்று சொல்லிவிடக் கூடாது.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருபவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். 2018இல் பிரிட்டனில் சட்டம் மாறும்வரை கஞ்சா எங்களுக்கு வெறும் போலீஸ் விஷயம். அதற்குப் பிறகு, ஸ்பெஷலிஸ்ட் டாக்டர் எழுதிக் கொடுத்தால் அது மருந்து. கட்டுப்பாட்டு மருந்துகளுக்கான அலுமாரியில் பூட்டி வைத்து, ரெஜிஸ்டரில் பதிந்து கொடுப்போம். டாக்டர் சீட்டு இல்லாமல் வைத்திருந்தால் இன்றைக்கும் குற்றம். அதனால்தான் நாங்கள் லேபிள் ஒட்டிய டப்பாவிலேயே வைத்திருங்கள் என்று தொண்டை கிழியச் சொல்கிறோம்.

சிவபாலன் அண்ணைக்கு முதுகில் அடிபட்டதிலிருந்து கால் நரம்பெல்லாம் வலி. மற்ற மருந்துகள் கைவிட்ட பிறகே டாக்டர் இதை எழுதினார். சிறு கருவியில் சூடாக்கி ஆவியை இழுத்தால் ஒரு மணி நேரம் தாங்குவார். அன்று அவருடைய ஒரே மகளுக்குக் கல்யாணம். பதினொன்றரைக்கு அவர் தாரைவார்க்க வேண்டும். எல்லோரும் நிலத்தில் சம்மணமிட்டுத்தான் இருக்க வேண்டும் என்று ஐயர் வேறு சொல்லியிருந்தார்.

டின் விவகாரம் அவர் மனைவி ராசமலர் அக்காவின் மூளை. மாப்பிள்ளை வீட்டார் லேபிளைக் கண்டால் மானம் போய்விடும் என்று பயந்து, மருந்தைப் பால்மா டின்னுக்கு மாற்றிவிட்டார். எங்கள் வீடுகளில் ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் மீன் குழம்புதானே இருக்கும்! மணம் மட்டும் டின்னுக்குள் அடங்கவில்லை. வாசல் செக்யூரிட்டி மோப்பம் பிடித்துப் போலீஸைக் கூப்பிட்டுவிட்டார்.

மருந்து விவரத்தை வெளியே சொல்ல நோயாளியின் சம்மதம் வேண்டும், அதைப் போலீஸ்காரரும் கேட்க வேண்டும். எனவே போனை ஸ்பீக்கரில் போடச் சொன்னேன்.

"சிவபாலன் அண்ணை, உங்கடை மருந்து விசயத்தை இவருக்குச் சொல்லட்டோ? நீங்கள் ஓமெண்டால்தான் சொல்லலாம்."

பதிலுக்கு ராசமலர் அக்காவின் குரல் கிசுகிசுத்தது.

"தங்கச்சி, சம்பந்தியம்மா பக்கத்திலை நிக்கிறா. இப்ப ஒண்டும் கதையாதேங்கோ."

ஸ்பீக்கரில் போடச் சொல்லுமுன் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். இத்தனை வருட சர்வீஸில் அப்படியொரு பிழை விட்டதற்கு என்னையே நொந்துகொண்டேன். அந்தக் கோபத்தை அக்காவின் மேல் காட்டினேன்.

"அக்கா, இப்ப கதைக்காட்டில் அண்ணையை ஸ்டேஷனுக்குக் கொண்டு போயிடுவினம். பிறகு ஆர் தாரைவார்க்கிறது, நானோ?"

அண்ணை தொண்டையைச் செருமினார். "சொல்லுங்கோ தங்கச்சி. எல்லாருக்கும் கேக்கட்டும்." போலீஸ்காரருக்கும் அதையே ஆங்கிலத்தில் சொன்னார்.

ரெஜிஸ்டரைத் திறந்து பெயர், டாக்டர், மருந்து கொடுத்த நாள், அளவு எல்லாவற்றையும் வாசித்தேன். சீட்டின் நகலையும் அனுப்பினேன். போலீஸ்காரர் ஒப்பிட்டுப் பார்த்து, இனிமேல் டப்பாவை மாற்றாதீர்கள் என்று எச்சரித்து, மணமக்களுக்கு வாழ்த்தும் சொல்லிவிட்டுப் போனார்.

போனை யாரும் வைக்கவில்லை. மாப்பிள்ளையின் தாயார் பேசுவது கேட்டது.

"என்ன சம்பந்தி, இவ்வளவு நோவோடையோ சம்மணங்கட்டி இருக்கப் பாத்தனீங்கள்? முந்தியே சொல்லியிருந்தா மணவறையிலை கதிரை போட்டிருப்பமே! ஐயரோடை நான் கதைக்கிறன். நீங்கள் மருந்தை எடுத்திட்டு ஆறுதலா வாங்கோ."

நான் டிஸ்பென்சரிக்குள் நின்று கண்ணீர் வரச் சிரித்தேன். மருந்துக்குக் காத்திருந்தவர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

அன்றிலிருந்து இந்த மருந்தைக் கொடுக்கும்போது, எப்படி எடுப்பது என்று சொல்லி முடித்ததும் ஒரு கேள்வி கேட்பேன்: "இது வீட்டிலை ஆர் ஆருக்குத் தெரியும்?" சட்டம் மாறிய செய்தி அலுமாரிவரை வந்தால் போதாது, குடும்பத்துக்குள்ளும் போய்ச் சேர வேண்டும் என்று அந்தக் கல்யாணத்தில்தான் படித்தேன்.

அடுத்த வாரம் ராசமலர் அக்கா கல்யாணப் படம் கொண்டுவந்து காட்டினார். மணவறையில் அண்ணை மட்டும் தனியாக நாற்காலியில் இருப்பார் என்று நினைத்தேன். சம்பந்தியம்மா விடவில்லை. பெற்றோர் நால்வரும் வரிசையாக நாற்காலியில் இருந்தார்கள்.