கறுத்துப் போன தாள்கள்

அந்தத் தையல் ஆலையில் மிஷின் பழுது பார்க்கிற ஒரே பெண் அவள். எல்லோருக்கும் மெக்கானிக்கக்கா. நூல் ஏன் அறுகிறது என்பதை மிஷின் ஓடுகிற சத்தத்திலேயே சொல்லிவிடுவாள். கோபமும் அதே வேகத்தில் வரும். "ஸ்பேனரைக் கீழ வச்சிட்டுத் திட்டுங்கக்கா" என்று பெண்கள் கேலி செய்வார்கள்.

வேலையை விட்டுப் போன கட்டிங் மாஸ்டர் ஒரு ஃபிலிம் கேமராவையும், நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கிற என்லார்ஜரையும் அவள் தலையில் கட்டிவிட்டுப் போனார். எதையும் ஓட்டிப் பார்க்காவிட்டால் அவளுக்குக் கை நமநமக்கும். சாப்பாட்டு நேரத்தில் தோழிகளை ஒரு ரோல் எடுத்தாள். தானே கழுவினாள். நெகட்டிவ் பளிச்சென்று வந்தது. பிரிண்ட் போடும் தாள் ஒரு பெட்டி வாங்கி, மேலுறையை மட்டும் கிழித்து, உள்ளே இருந்த கறுப்புப் பையைத் தொடாமல் பீரோமேல் வைத்தாள்.

விடுமுறை நாளன்று குளியலறை ஜன்னலைப் போர்வையால் மூடி, சிவப்பு பல்பு மாட்டினாள். தரையில் தட்டுத் தட்டாக மருந்து. முதல் தாளை டெவலப்பர் மருந்தில் போட்டதும் சாம்பல் நிறம் படர்ந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரியாகிவிட்டது. என்லார்ஜர் வெளிச்சம் அதிகமோ என்று அடுத்த தாளுக்கு நேரத்தைக் குறைத்தாள். அதுவும் கரி.

அடுத்த வாரம் பல்பை மாற்றினாள். கதவிடுக்கில் துணி திணித்தாள். அதற்கடுத்த வாரம் மருந்தைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்கினாள். மசியவில்லை. எந்த மிஷினிடமும் தோற்காதவளுக்குத் தன் கைமேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

கூரியர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் கணவர் துண்டோடு குளியலறை வாசலில் நிற்பார். "சில பேருக்குச் சில வேலை வராது. விட்டுத் தள்ளு. நான் குளிக்கணும்."

ஆத்திரம் அந்தத் தாளை விற்ற கடைக்காரர்மேல் பாய்ந்தது. கடை நிறைய ஆள் இருக்கும்போது போய், "கெட்டுப் போன சரக்கை வித்து ஏமாத்தறீங்க" என்று கத்தினாள். "வெளிச்சத்துல பிரிச்சீங்களாம்மா?" என்றார் அவர். "எனக்குப் படிக்கத் தெரியும்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

ஒரு நாள் கணவரின் அக்கா வந்திருந்தாள். "குளியலறையைச் சாத்திக்கிட்டு அப்படி என்னதான் பண்றா உன் பொண்டாட்டி?"

அவர் சிரித்தார். "போட்டோ போடறாளாம். பெட்டி வந்த அன்னிக்கே நான் பிரிச்சுப் பாத்துட்டேன்க்கா. கறுப்புப் பைக்குள்ள எல்லாம் வெள்ளைப் பேப்பர். ஒவ்வொண்ணாப் புரட்டிப் பாத்தேன், ஒண்ணுமே இல்ல."

தண்ணீர் கொண்டுவந்தவள் நின்றுவிட்டாள். "எங்க வச்சுப் பாத்தீங்க?"

"ஜன்னல் பக்கத்துல. வெளிச்சம் வேணாமா?"

செம்பைக் கீழே வைத்தாள். "வெளிச்சம் பட்டா கறுத்துடும், இருட்டுலதான் பிரிக்கணும்னு பெட்டிமேலயே போட்டிருக்கு."

"அதையெல்லாம் யாரு படிக்கறா? தெரியாமத்தானே செஞ்சேன்."

"தெரியாமப் பிரிச்சீங்க, சரி. வாரா வாரம் நான் கரியைத் தூக்கிட்டு வெளிய வந்தப்ப ஒரு வார்த்தை சொன்னீங்களா? எனக்கு வராதுன்னுதான் சொன்னீங்க. நானும் நம்பிட்டேன்."

"ஒரு பேப்பருக்கா இவ்வளவு பேச்சு?" என்றாள் நாத்தனார்.

"பேப்பருக்கில்ல அண்ணி." அதற்குமேல் பேசினால் எதையாவது போட்டு உடைத்துவிடுவோம் என்று செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

நேரே கடைக்குப் போனாள். யாரும் இல்லை. நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். கடைக்காரர் முகம் இளகவில்லை. "ஊரே கேக்கத் திட்டினீங்க. மன்னிப்பு மட்டும் தனியாக் கேக்கறீங்க."

நியாயம்தான். வெளியே வெயிலில் நின்றாள். கடையில் ஆள் சேர்ந்ததும் உள்ளே போய், "அன்னிக்கு இவரை ஏமாத்துக்காரர்னு சொன்னேன். தப்பு எங்க வீட்டுல" என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னாள். முகம் எரிந்தது. வீட்டுக்காரர் செய்ததற்குத் தான் தலைகுனிய வேண்டியிருந்ததே என்று வழியெல்லாம் பொருமிக்கொண்டு, புதுப் பெட்டியோடு வந்தாள்.

அடுத்த விடுமுறை. முதல் தாள் வெளிறியிருந்தது. அடுத்த தாளுக்கு வெளிச்சத்தை இன்னும் கொஞ்சம் நேரம் கொடுத்தாள். மருந்துக்குள் மெல்ல ஒரு புருவம் தெரிந்தது, பிறகு பல். ஆலையில் பட்டன் ஓட்டைக்குக் காஜா போடுகிற பெண், வாய் நிறையச் சோற்றோடு சிரித்துக்கொண்டிருந்தாள். பார்த்த அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இவ்வளவுதானா என்று வயிறு எரிந்தது. முதல் நாளே வந்திருக்க வேண்டிய படம். தன் கையைத் தானே திட்டிக்கொண்ட அத்தனை வாரமும் வீண்.

"வந்துச்சா?" கதவுக்கு வெளியே கணவரின் குரல் இறங்கியிருந்தது.

"வந்துச்சு. கதவைத் தொடாதீங்க."

படங்களைக் கொடியில் மாட்டினாள். "நல்லா இருக்கே" என்று அவர் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். மறுநாள் அவள் மிச்சத் தாள்களை ஆலைக்கு எடுத்துப்போய், ஸ்பேனர்கள் வைக்கிற இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினாள். வாரா வாரம் தேவையானதை மட்டும் கொண்டுவந்தாள்.

"வீட்டுலயே வைக்கலாமே" என்றார் ஒரு நாள்.

"வேணாம்" என்றாள்.