நாற்பத்தேழாம் நம்பரும் சுரங்கப்பாதையும்

1. பாத்ரூம் உள்ள மியூசியம்

முப்பத்திரண்டு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள் நான். எதிர்முனையில் யார் என்ன சொன்னாலும் ஒரு எழுத்து பிசகாமல் காதில் வாங்கி எழுதிவிடுவேன். டிரங்க் கால் காலத்தில், மழை இரைச்சலுக்கு நடுவிலும் சிவகிரியையும் சிவகாசியையும் ஒருநாளும் மாற்றி இணைத்ததில்லை. இந்தப் பெருமையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னைக் கவிழ்த்ததும் இதுதான்.

ரிட்டயர் ஆனபின் தென்காசியில் எங்கள் மியூசியத்துக்குச் செயலாளர் ஆனேன். சம்பளம் கிடையாது. ஒரு பழைய வீடு, இருநூற்றுப் பன்னிரண்டு பொருட்கள், நாலு ஷோகேஸ், ஒரு ரிஜிஸ்தர். ரிஜிஸ்தர் எழுதுவது நான். லேபிள் எழுதுவது தலைவர் அண்ணாச்சி. அவர் ரெவின்யூ டிபார்ட்மென்டில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓட்டை விழுந்த அண்டாவைக் கொண்டுவந்து கொடுத்தால்கூட "இது பாளையக்காரர் காலத்துக் குண்டு துளைச்ச ஓட்டை" என்று எழுதிவிடுவார். நல்ல மனுஷர், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

வீடு மைதீனுடையது. துபாயில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். குடும்பம் மூன்று தெரு தள்ளிப் புது வீட்டுக்குப் போய்விட்டதால், பூட்டிக் கிடந்த பழைய வீட்டை எங்களிடம் சும்மாவே கொடுத்து வைத்திருந்தான்.

பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் குற்றாலம் சீசன் ஆட்கள். ஐந்தருவியில் குளித்துவிட்டு, ஊர் திரும்பும் பஸ்ஸுக்கு நேரம் இருப்பவர்கள். உள்ளதைச் சொன்னால், வாசலில் நின்று "பாத்ரூம் இருக்கா?" என்றுதான் கேட்பார்கள். இருக்கிறது என்போம். ஹாலைக் கடந்துதான் பின்கட்டுக்குப் போக வேண்டும், திரும்பி வருவதும் அந்த வழிதான். அண்ணாச்சி ஹாலில் காத்திருப்பார். போகும்போது விட்டுவிடுவார், வரும்போது பிடித்துக்கொள்வார். அப்படி வளர்ந்தது எங்கள் மியூசியம்.

கொரோனா வந்த முதல் வருஷம் சாரலுக்குக் குறைவில்லை. அருவியில் குளிக்கத்தான் தடை போட்டுவிட்டார்கள். குற்றாலத்துக்கே ஆள் வராதபோது எங்கள் பாத்ரூமைத் தேடி யார் வருவார்கள்? வாரம் ஒருநாள் போய்த் தூசி தட்டிவிட்டு வருவோம். அப்படி ஒருநாள் தட்டிக்கொண்டிருக்கும்போது மைதீனிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, வேலை போயிட்டு. ஸ்பெஷல் பிளைட்ல வாரேன். பதினாலு நாள் தனியா இருக்கணுமாம், தனி பாத்ரூம் இருக்கணுமாம். வீட்டுல வாப்பாவுக்கு எம்பது வயசு. மியூசியத்துல இருந்துக்கிடட்டா?"

"என்ன தம்பி இப்படிக் கேக்குதிய? உங்க வீடுலா."

"அதான்க்கா, இன்னொண்ணும் சொல்லணும். பதினாலு நாள் முடிஞ்சதும் வீட்டை எனக்குத் திருப்பித் தந்திரணும். மச்சான் சீசன் லாட்ஜா மாத்திருவோம்னு சொல்லுதான். இனிமே எனக்கு இங்கனதான பொழப்பு."

வேலை போனவனிடம் என்ன சொல்வது? சரி தம்பி என்று சொல்லி வைத்துவிட்டேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. இருநூற்றுப் பன்னிரண்டையும் தூக்கிக்கொண்டு எங்கே போவது? ஊரில் சும்மா வீடு கொடுக்க இன்னொரு மைதீன் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

2. ரோல் கால்

மைதீன் வந்து இறங்கிய அன்றைக்கே சுகாதாரத் துறை ஆள் பசையோடு வந்தார். எங்கள் போர்டில் 'அனைவரும் வருக' என்று இருந்த இடம்தான் அவருக்கு வசதியாகப்பட்டது. அதன் மேலேயே 'தனிமைப்படுத்தப்பட்ட வீடு, உள்ளே நுழையாதீர்' என்று ஒட்டினார். மேலே 'அருங்காட்சியகம்' என்பது மட்டும் மிச்சம். தெருவில் போனவர்களெல்லாம் நின்று படித்தார்கள். அதுவரைக்கும் எங்கள் போர்டை அத்தனை பேர் படித்ததில்லை.

எனக்கு இருந்த கவலை வேறு. ஒரு ஆள் பதினாலு நாள் உள்ளே இருக்கப்போகிறான். தொடக்கூடாத பொருட்கள் இருநூற்றுப் பன்னிரண்டு.

"தொடாதீர்கள்னு போர்டு போட்டுருக்கோம்லா, பாத்துக்கிடுவான்" என்றார் அண்ணாச்சி.

முதல்நாளே போன் வந்தது. "அக்கா, தரையில படுத்தா குளுருது. ஜமீன் கட்டில்ல படுத்துக்கிடட்டா?" ரிஜிஸ்தரில் அது பன்னிரண்டாம் நம்பர். படுத்துக்கொள்ளச் சொன்னேன். இரண்டாம் நாள், எண்பத்தொன்றாம் நம்பர் செம்பில் தண்ணீர் குடித்திருந்தான். மூன்றாம் நாள், நூற்று மூன்றாம் நம்பர் உரலில் எதையோ இடிக்கிற சத்தம் ஜன்னல் வழியே கேட்டது. "என்ன தம்பி இடிக்கிய?" என்றேன். "சுக்குக்கா. கபத்துக்கு நல்லதுன்னு வீட்டுல கொடுத்து விட்டாவ" என்றான்.

இனிமேல் சும்மா இருந்தால் சரிப்படாது என்று எக்ஸ்சேஞ்ச் முறையைக் கையில் எடுத்தேன். தினமும் காலை பத்து மணிக்கு லைனில் வருவேன். ரிஜிஸ்தர் என் மடியில். நான் நம்பர் சொல்ல வேண்டும், அவன் பொருளைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்ல வேண்டும்.

"ஒண்ணு?"

"இருக்கு."

"ரெண்டு?"

"இருக்கு."

"பன்னெண்டு?"

"அதுக்கு மேலதான் உக்காந்திருக்கேன்."

இருநூற்றுப் பன்னிரண்டு வரைக்கும் இப்படியே போகும். முதல் இரண்டு நாள் சலித்துக்கொண்டான். பிறகு அவனே பத்து மணிக்கு முன்னால் போன் போட ஆரம்பித்தான். பேச்சுத்துணைக்கு ஆள் இல்லாதவனுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு தடவை பதில் சொல்லக் கிடைக்கிறது என்றால் சும்மாவா? நாளாக ஆக ஒவ்வொரு லேபிளையும் படித்துக் கேள்வி கேட்டான். பாதிக்கு மேல் எனக்குப் பதில் தெரியவில்லை. ஆறு வருஷமாக அந்தப் பொருட்களோடு இருந்தவள் நான்.

3. சுரங்கத்துக்குள் கால்

ஹாலின் நடுவே தரையில் ஒரு குழி உண்டு. நாங்கள் வீட்டைப் பொறுப்பேற்றுச் சுத்தம் பண்ணியபோது பலகை போட்டு மூடிக் கிடந்தது. பலகையை எடுத்ததும் அண்ணாச்சி மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார். "சுரங்கம்!" என்றார். எங்கள் பக்கத்தில் பழைய கட்டடம் எதிலாவது ஒரு குழி இருந்தால் அது சுரங்கம்தான், வேறு எதுவாகவும் இருக்க முடியாது. "இடுப்பளவுதான அண்ணாச்சி இருக்கு?" என்று கேட்டேன். "வெள்ளக்காரன் அடைச்சிட்டான்" என்றார். 'சுரங்கப்பாதை. கோயில் வரை செல்வதாக நம்பப்படுகிறது' என்று லேபிள் வைத்தாயிற்று. குழிக்கு இரண்டு பக்கமும் தரையில் நட்ட குட்டையான கட்டைகள் இருந்தன. அவை காவல்வீரர்கள் ஈட்டியைச் சாய்த்து வைக்க என்றார் அண்ணாச்சி.

நாற்பத்தேழாம் நம்பர் இன்னும் பெரிய பொருள். மச்சில் கிடந்த கனமான நீள மரம். நீளவாக்கில் குடைந்த ஒரு காடிப் பள்ளம், ஒரு ஓரத்தில் துளைகள். லேபிள் இப்படி இருந்தது: 'படைமரம். பாளையக்காரர் படையினர் கோட்டைக் கதவை இடிக்கப் பயன்படுத்தியது. துளைகள் யானைச் சங்கிலி கோப்பதற்கு.' பக்கத்தில் அண்ணாச்சியே வரைந்த யானைப் படமும் உண்டு. பாத்ரூமுக்கு வந்தவர்கள்கூட இங்கே நின்று போட்டோ எடுப்பார்கள்.

ஒன்பதாம் நாள் ரோல் காலில் நாற்பத்தேழுக்கு வந்தேன்.

"நாப்பத்தேழு?"

"இல்லக்கா."

"என்னது? இல்லையா?"

"மரம் இருக்கு. நீங்க எழுதிருக்க சாமான்தான் இல்ல. நீங்க ஜன்னலுக்கு வாங்க. அண்ணாச்சியையும் கூட்டிட்டு வாங்க."

நானும் அண்ணாச்சியும் குடையும் மாஸ்க்குமாகப் போய் ஜன்னலுக்கு ஆறடி தள்ளித் தெருவில் நின்றோம். உள்ளே மைதீன் சுரங்கப்பாதைக்குள் காலைத் தொங்கவிட்டுக் கரையில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு முன்னால், மடிக்கு நேராக, இரண்டு கட்டைகளின் மேலும் நாற்பத்தேழாம் நம்பர் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. அதன்மேல் சாப்பாட்டுத் தட்டு.

"தரையில உக்காந்து தின்னு முதுகு போயிட்டுக்கா. குழியில காலை விட்டேன், நாற்காலி மாதிரி இருந்துச்சு. தட்டு வைக்க என்னமாவது வேணுமேன்னு இந்த மரத்தைத் தூக்கிக் கட்டையில வச்சேன். டக்குனு போய் உக்காந்துட்டு பாத்துக்கிடுங்க. பெறகு வாப்பாட்ட போன்ல கேட்டேன். இங்கன தறி போட்டுருந்தாவளாம். இது தறிக்குழி. இது நெய்யுத துணியைச் சுத்துத மரம். எங்க வாப்பா இங்கன உக்காந்துதான் நெய்ஞ்சிருக்காவ. நான் பொறக்கதுக்கு முன்ன தறியை வித்துட்டாவளாம், இந்த மரம் மட்டும் மிச்சமாம்."

அண்ணாச்சி மாஸ்க்கை இறக்கினார். "பேரு படைமரம்லாடே?"

"தறிக்காரங்க அப்படித்தான் சொல்லுவாங்களாம் அண்ணாச்சி. இதை யானைட்ட கொடுத்தா பல்லுதான் குத்தும்."

தெருவில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணாச்சி குடையை மடக்கி, மழையில் நனைந்துகொண்டே வீட்டுக்குப் போய்விட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது, வீட்டுக்குப் போய் ரிஜிஸ்தரைப் பிரிக்கும் வரை. '47. படைமரம். தகவல்: மைதீன் வாப்பா, போன் மூலம்.' என் கையெழுத்து. அந்தப் போன் காலும் ஞாபகம் வந்தது. மச்சில் ஒரு மரம் கிடக்கிறதே, என்ன அது என்று கேட்டேன். அவருக்குக் காது மந்தம். "படைமரம், படைமரம்" என்று மூன்று தடவை கத்திவிட்டு வைத்துவிட்டார். நான் ஒரு எழுத்து பிசகாமல் எழுதிக்கொண்டேன். படை என்றதும் அண்ணாச்சி யானையைக் கொண்டுவந்து நிறுத்தினார். தப்பில் பாதிக்கு மேல் என்னுடையது. வெட்கமாகப் போய்விட்டது.

4. வாப்பா வந்தார்

பதினைந்தாம் நாள் காலையில் போர்டில் ஒட்டியிருந்த சீட்டைக் கிழித்தார்கள். மைதீனுக்கு ஒன்றும் இல்லை. நானும் அண்ணாச்சியும் அட்டைப்பெட்டிகளோடு போயிருந்தோம், பொருட்களைக் கட்டுவதற்கு. அண்ணாச்சி யானைப் படத்தை முதலில் கழற்றித் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. மைதீனின் வாப்பா இறங்கினார். மியூசியம் ஆன பிறகு அவர் வந்ததே இல்லை. "எங்க வீட்டை நான் என்ன பார்க்க" என்பாராம். யாரிடமும் பேசாமல் நேரே குழிக்குப் போனார். 'தொடாதீர்கள்' போர்டைப் பிடித்துக்கொண்டே கரையில் உட்கார்ந்து காலை உள்ளே விட்டார். இரண்டு கையையும் மரத்தின் மேல் வைத்தார். வலது கை, கழி செருகி மரத்தைத் திருப்பப் போகிற மாதிரி, பார்க்காமலே ஓரத்துத் துளைக்குப் போனது. குழிக்குள் கால் ஒன்று மாற்றி ஒன்று, இல்லாத மிதிகட்டையை அழுத்தியது.

கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து அண்ணாச்சியைப் பார்த்தார். "யானை எங்க?" என்றார். மைதீன் போனில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான்.

அண்ணாச்சி குனிந்து அவர் காதுக்கருகில், தெருவுக்கே கேட்கும்படி, "தப்பு எங்க பேருல பாய்!" என்றார். அந்த மனுஷர் தப்பு என்று சொல்லி நான் கேட்டது அன்று ஒருநாள்தான்.

இறங்கிவிட்டாரே தவிர வாப்பாவால் ஏற முடியவில்லை. மைதீன் ஒரு கை, அண்ணாச்சி ஒரு கை, நான் இடுப்பு. சமூக இடைவெளியாவது ஒன்றாவது. மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு மகனைக் கேட்டார்.

"லாட்ஜுன்னா இந்தக் குழியை மூடணுமேலே?"

"மூடணும் வாப்பா."

"மூடி, மேல கட்டில் போடுவியோ?"

மைதீன் வாப்பாவின் கைலியில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டான்.

"சரி. நான் கண்ணை மூடி மவுத்தான பொறவு போட்டுக்கோ."

மைதீன் குழியை ஒரு தடவை பார்த்தான். பிறகு என் பக்கம் திரும்பினான். "அக்கா, ஹாலை நீங்களே வச்சிக்கிடுங்க. பின்னால உள்ள ரெண்டு ரூமை மட்டும் நான் சீசனுக்கு விடுதேன். மச்சான்ட்ட நான் பேசிக்கிடுதேன்."

எனக்கு அழுகை வந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு. "பாத்ரூம்?"

"அது ரெண்டு பேருக்கும் பொதுக்கா."

அட்டைப்பெட்டிகளை மடித்துவைத்தோம். அண்ணாச்சி அன்றைக்கே உட்கார்ந்து புது லேபிள் எழுதினார்: 'படைமரம். தறியில் நெய்த துணியைச் சுற்றும் மரம். போருக்குப் போனதில்லை.' குழிக்கும் எழுதினார். அதன் கடைசி வரி, 'இதன் அடியில் சுரங்கம் உண்டா என்பது ஆய்வுக்குரியது.' அந்த வரியை நான் அடித்துவிட்டேன். மறுவாரம் போனால் திரும்பவும் எழுதி வைத்திருந்தார்.

இந்த மாதிரி வேலைக்கு வருகிற சின்னவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பொருளின் பெயரை எழுதியதும் பேனாவை மூடாதீர்கள். இதை வைத்து என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். ரிஜிஸ்தரில் இப்போது அதற்கென்று தனிக் கட்டம் போட்டிருக்கிறேன். போன மாசம் புளியங்குடியில் இருந்து ஒரு பெண் ஒரு பித்தளைச் சாமான் கொண்டுவந்தாள். என்ன செய்வீங்க என்று கேட்டேன். "தெரியலக்கா, வீட்டுல வைக்க இடமில்ல, அதான் கொண்டாந்தேன்" என்றாள். அதையும் அப்படியே எழுதியிருக்கிறேன்.

ஒரு மனுஷர் உட்கார்ந்து உழைத்த இடத்தை ஆறு வருஷம் சுரங்கம் என்று ஊருக்கெல்லாம் காட்டினோம். அவர் மூன்று தெரு தள்ளித்தான் இருந்தார். கொஞ்சம் சத்தமாகக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.