மூக்கு நீவும் காட்சி

மகள் பிறந்த செய்தியை யாழ்ப்பாணத்துக்கு எழுதிப் பதில் வருவதற்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. போரால் வடக்குக்கான பாதை பூட்டியிருந்த காலம். கடிதங்கள் கப்பலில் போய்க் கப்பலில் வந்தன. நான் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு அம்மா எழுதியிருந்தார்: பிள்ளை நல்ல வடிவு, மூக்குத்தான் கொஞ்சம் சப்பை, குளிக்க வார்க்கும்போது நாள்தோறும் நல்லெண்ணெய் தொட்டு நீவிவிடு, பெண் பிள்ளை, பிறகு கவலைப்படக் கூடாது.

கண்டியில் எங்களுக்கு உறவென்று யாரும் இல்லை. கணவருக்குக் கச்சேரியில் அரசாங்க வேலை. பிள்ளை வளர்ப்பில் எனக்கு இருந்த ஒரே துணை அந்தக் கடிதங்கள்தான். ஆகவே நீவினேன். தண்ணீரின் சூடு சரிதானா என்று முழங்கையால் மூன்று தரம் பார்த்து, பிள்ளையைக் காலில் கிடத்தி, மூக்குத் தண்டை மேலிருந்து கீழாகப் பத்து முறை. அவள் அழுவாள். மெல்ல அழுத்தினால் பலன் இருக்காதே என்று பயம். கூட அழுத்தினால் எலும்பு வளைந்துவிடுமோ என்று பயம்.

என்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்த டீச்சர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களைப் பார்க்க வருவார். ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். குள்ளம், நல்ல கறுப்பு, பருத்த தோள்கள். சின்ன வயதிலிருந்தே பள்ளி நாடகங்களில் தனக்கு அரக்கி வேடம்தான் என்பார். "ஒரு தடவ ராணி வேசம் கேட்டேன். சேலை பத்தாதுன்னுட்டாங்க" என்று சிரிப்பார். அப்படி ஒரு ஞாயிறு வந்தபோது நான் பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். தண்ணீர் ஊற்றித் தந்தார். நீவுவதைப் பார்த்தார். எதற்கு என்று கேட்டார். அம்மாவின் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். அவ்வளவுதான்.

சில வாரங்கள் கழித்து, தான் நடிக்கும் நாடகத்துக்கு எங்களை அழைத்தார். ஐந்து பெண்கள் சேர்ந்து எழுதியது, பெண்களின் உடம்பைப் பற்றியது என்றார். போவதா என்று மூன்று நாள் யோசித்தேன். அந்த மாதம் நகரில் இராணுவக் கெடுபிடி அதிகம். தமிழ்ப் பெயர் எழுதிய அடையாள அட்டையோடும் கைக்குழந்தையோடும் கூட்டத்துக்குள் போவது புத்தியா? போகாவிட்டால் அவர் என்ன நினைப்பார்? இருட்டுமுன் எல்லோரும் வீடு சேர வேண்டுமென்று நாடகத்தைப் பிற்பகல் மூன்று மணிக்கு வைத்திருந்தார்கள். வாவிக் கரையில் ஒரு முறையும் மண்டப வாசலில் ஒரு முறையும் எங்களைச் சோதித்தார்கள். வாசலில் பால் போத்தலையும் திறந்து மணந்து பார்த்தார்கள்.

திரை விலகியதும் டீச்சர் தனியாக வந்து தரையில் கால்களை நீட்டி உட்கார்ந்தார். துணி மூட்டையொன்றைக் காலில் கிடத்தினார். முழங்கையால் தண்ணீரைப் பார்த்தார், மூன்று தரம். பிறகு விரலில் எண்ணெய் தொட்டு நீவத் தொடங்கினார். "பொம்பிளைப் பிள்ளையெல்லோ, பிறகு கவலைப்படக் கூடாது" என்றார், எங்கள் ஊர்த் தமிழில்.

சபை சிரித்தது. கணவரும் சிரித்தார், பிறகு நிறுத்திவிட்டு என் பக்கம் குனிந்தார். "இது நீர்தானே?"

காது இரண்டும் சுட்டன. எழுந்து போயிருப்பேன். ஆனால் நாங்கள் வெளியேறுவதென்றால் வரிசை முழுவதும் எழும்ப வேண்டும், மகளும் மடியில் தூங்கிவிட்டாள். அதனால்தான் இருந்தேன், தைரியத்தால் அல்ல.

இருந்தது என் அதிர்ஷ்டம். மூட்டையை உதறினார், அது ஒரு சேலையாக விரிந்தது. அதை உடுத்திக்கொண்டு டீச்சரே அந்த மகளாகிவிட்டார். ஒருத்தி வந்து நிறத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். ஒருத்தி நடையைத் திருத்தினாள். மாப்பிள்ளை வீட்டார் சந்தையில் பூசணிக்காய் பார்ப்பதுபோலச் சுற்றிவந்து பார்த்தார்கள். தையல்காரி நாடாவோடு வந்தபோது டீச்சர் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் உயர்த்தினார். அளந்து முடித்து அவள் போனாள். கைகள் இறங்கவில்லை. அதே இடத்துக்கு இன்னொருத்தி வந்து, ஒரு சொல்லும் பேசாமல், அக்குளிலிருந்து இடுப்புவரை தடவிப் பார்த்தாள். வாசலில் சற்றுமுன் எங்கள் எல்லோரையும் தடவியதுபோல.

ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வாசலில் துப்பாக்கியோடு நின்றவன் பார்க்கிறானா என்று நான் திரும்பிப் பார்த்தேன். மேடையில் டீச்சர் அசையாமல் நின்றார். அரக்கிக்கு மட்டும் சரிவரும் என்று சொல்லப்பட்ட அந்தத் தோள்களும் அந்தக் கறுப்பும் மேடை முழுவதையும் எடுத்துக்கொண்டன. எத்தனையோ நாள் எங்கள் குசினியில் தேநீர் குடித்த மனிதர். அவர் இவ்வளவு அழகு என்பது அதுவரை என் கண்ணில் படவில்லை.

அவர் என்னைக் கேலி செய்யவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. முதல் காட்சியில் நீவி முடித்ததும் மூட்டையை முகத்தோடு சேர்த்து, அழவைத்ததற்கு மன்னிப்புக் கேட்பதுபோலக் கொஞ்ச நேரம் இருந்தார். நான் அப்படிச் செய்வதுண்டு. யாரும் கவனித்திருப்பார்கள் என்று நினைத்ததில்லை.

நாடகம் முடிந்து மேடைக்குப் பின்னால் போனேன். வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கோவமா டீச்சர்?" என்று என்னைக் கேட்டார்.

"என்னட்டை ஒருக்கா கேட்டிருக்கலாம்."

"கேட்டிருந்தா வேணாம்னிருப்பீங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "தப்புத்தாங்க. அடுத்த மாசம் மடுல்கெல்லையில போடுறோம். நீங்க வேணாம்னா அந்தக் காட்சிய எடுத்துர்றேன். ஞாயித்துக்கெழம வாறேன், சொல்லுங்க" என்றார்.

அந்த வாரம் எனக்குத் தூக்கமில்லை. என் வீட்டுக் குளியலறையை யார் யாரோ பார்ப்பதா? எடுக்கச் சொன்னால் அந்த நாடகம் எங்கிருந்து தொடங்கும்? கணவரைக் கேட்டேன், உம்முடைய விருப்பம் என்று ஒதுங்கிக்கொண்டார். இரண்டு நாள் நீவாமல் குளிப்பாட்டினேன். மூன்றாம் நாள், இருபது வயதில் மகள் என்னைக் குறை சொல்வாளோ என்று பயந்து மறுபடி நீவினேன். நாடகம் பார்த்த அன்றே விட்டுவிட்டேன் என்று எழுதினால் அது பொய்.

ஞாயிறு டீச்சர் வந்தார். தேநீரைத் தொடாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்கட்டும், எடுக்க வேண்டாம்" என்றேன். "ஆனா ஒண்டை விட்டிட்டியள். எனக்கும் அம்மா ஒரு வருசம் இப்பிடித்தான் நீவினவ. பாருங்கோ." பக்கவாட்டில் திரும்பி என் சப்பை மூக்கைக் காட்டினேன்.

கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் மகள் திடுக்கிட்டு அழத் தொடங்கினாள்.

"இத மேடையில சொல்லலாங்களா?"

அம்மாவின் காதுக்கு அது போக வழியில்லை என்று தெரியும். மகளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு, "சொல்லுங்கோ" என்றேன்.

என்னை மறுபடி சொல்லச் சொன்னார். "நீவினவ" என்பது அவர் வாயில் "நீவினாங்க" என்றே வந்தது. திருத்தினேன். நாலாவது தரம் அவர் சொன்னபோது அது என் குரலாகவே இருந்தது. எனக்குக் கூசியது. ஆனாலும் இன்னொரு தரம் சொல்லுங்கோ என்றுதான் கேட்டேன்.