ஓர் ஆள் கூடாரம்

கண்மாய்க் கரையில் தூண்டில் போட்டு உட்காரும் பெண்ணுக்கு முதலில் வேண்டியது தூண்டில் இல்லை, ஒதுங்குவதற்கு ஒரு மறைவு. இதை எந்த ஆணிடம் சொன்னாலும் சிரிப்பான், இல்லையென்றால் வேறு பேச்சுக்குப் போய்விடுவான். என் கணவர் இருந்தவரை எனக்கு இந்தக் கவலை இருந்ததில்லை. நான் கருவேலம் புதருக்கு அந்தப் பக்கம் போனால், இந்தப் பக்கம் அவர் முதுகைக் காட்டி நின்றுகொள்வார். யாராவது சைக்கிளில் வந்தால் சத்தமாக இருமுவார். அந்த மனிதர் எனக்குச் செய்த உபகாரங்களிலேயே பெரியது அந்த இருமல்தான் என்று அவர் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பசுமலையில் ஒரு மிஷன் பள்ளி அலுவலகத்தில் நான் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றேன். சனிக்கிழமை விடிந்ததும் பழங்காநத்தத்திலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பி, திருப்பரங்குன்றம் தாண்டி மேற்கே இருக்கும் ஒரு கண்மாய்க்கு இருவரும் போவோம். மீன் குத்தகைக்காரர் வலை போட்டால்தான் வரிந்துகட்டிக்கொண்டு வருவார், தூண்டில்காரர்களைக் கண்டுகொள்ள மாட்டார். நான் ஜிலேபி மீனாக இழுத்துப் போடுவேன். என் கணவர் பெரும்பாலும் தக்கையைப் பார்த்துக்கொண்டே தூங்குவார். வீட்டுக்கு வந்ததும், கேட்கிறவர்களிடம் "நாங்க பிடிச்சோம்" என்பார். அந்த 'நாங்க' எனக்கு அப்போது எரிச்சலாக இருக்கும்.

அவர் இறந்த பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு தலையைச் சாய்த்துப் பார்க்காத பெண் எங்கள் சபையில் ஒருத்தி இல்லை. கடையில் தக்காளி பொறுக்கினாலும் அந்தப் பார்வை, பேருந்தில் இடம் கிடைத்தாலும் அந்தப் பார்வை. கண்மாய்க் கரையில் மட்டும் அது இருக்காது. நான் விதவை என்பது மீனுக்குத் தெரியாது. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். சனிக்கிழமை காலையில் யாரையும் கூப்பிடாமல், யாரிடமும் கெஞ்சாமல், நானே போய் உட்கார்ந்துவிட்டு வர வேண்டும்.

கெஞ்சிப் பார்க்காமல் இல்லை. என் கணவரின் தம்பி இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார். ஒருநாள் அவரிடம், "தம்பி, சனிக்கிழமை சும்மாதான இருக்கீக, ஒரு எட்டு கண்மாய் வரைக்கும் கூட வாரீகளா?" என்று கேட்டேன். "பாப்போம் மதினி" என்றார். எங்கள் குடும்பத்தில் 'பாப்போம்' என்றால் இல்லை என்று அர்த்தம். மரியாதையாகச் சொல்கிறார்களாம். அதற்குப் பிறகும் சில தடவை கேட்டேன், அப்புறம் கேட்பதை விட்டுவிட்டேன். புதருக்கு இந்தப் பக்கம் நிற்க ஆள் இல்லையென்றால், புதரையே கையோடு கொண்டுபோவது என்று முடிவு செய்தேன்.

முதலில் ஒரு பெரிய குடை வாங்கினேன். வெயிலுக்குச் சரி, ஆனால் கரையில் போகிற வருகிறவன் கண்ணைக் குடை என்ன செய்யும்? அடுத்து, மலையேறப் போகிறவர்கள் படுக்கும் கூடாரம் ஒன்றைக் கடையில் பார்த்தேன். கடைக்காரர் எத்தனை பேருக்கு என்றார். ஒருத்தருக்கு என்றேன். நான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று நினைத்து, "கூட யாரு மேடம் வாராக?" என்று மறுபடி கேட்டார். யாரும் வரவில்லை என்றேன். அப்படியானால் இதைத் தனியாக நிறுத்த முடியாது, கம்பியின் ஒரு முனையை நீங்கள் பிடித்தால் மறுமுனையை இன்னொருவர் பிடிக்க வேண்டும் என்றார். உலகத்தில் எல்லாவற்றுக்கும் மறுமுனை பிடிக்க ஓர் ஆள் தேவைப்படுகிறது போலிருக்கிறது. தவிர, அதற்குத் தரையும் சேர்த்துத் தைத்திருந்தார்கள். தரை இருந்தால் என் காரியம் எப்படி நடக்கும்?

இந்தத் தேடலில்தான் கைப்பேசியில் அந்த வீடியோ வந்தது. ஏதோ குளிர் தேசத்தில் உறைந்துபோன ஏரி. மூக்கு சிவந்த ஒரு கிழவன், தனி ஆள், ஒரு சறுக்குப் பலகையில் நீளமான பை ஒன்றை வைத்து இழுத்துக்கொண்டு போகிறான். பையிலிருந்து துணியை எடுத்து நான்கு பக்கமும் நடுவில் பிடித்து இழுக்கிறான், படக் படக்கென்று சுவர்கள் நிற்கின்றன. தரை கிடையாது, ஏனென்றால் பனியில் துளை போட்டு மீன் பிடிக்க வேண்டும். உள்ளே போய் ஜிப்பை இழுத்துவிட்டான் என்றால் அவனும் மீனும்தான். அவனிடம் யாரும் கூட யார் வருகிறார்கள் என்று கேட்கவில்லை. அந்தக் கிழவன்மேல் எனக்கு வந்த பொறாமை கொஞ்சநஞ்சமில்லை.

அந்த மாதிரிக் கூடாரங்களில் இரண்டு ரகம். குளிருக்காக உள்ளே மெத்தை வைத்துத் தைத்தது ஒன்று. அதில் மதுரை வெயிலில் உட்கார்ந்தால் இட்லிப் பானைதான். மற்றது ஒற்றைத் துணி. வழக்கத்துக்கு மாறாகப் பொறுமையாக எல்லாவற்றையும் படித்துப் பார்த்து, ஒற்றைத் துணியில், தாழ்வாகச் சன்னல் வைத்த, வெளிறிய நிறத்தில் ஒன்றை வரவழைத்தேன். கறுப்பு நிறம் அழகாகத்தான் இருந்தது, ஆனால் நான் அழகுக்காகப் போகவில்லை. என் உயரத்துக்குக் கொஞ்சம் குறைந்த பையில் வந்து இறங்கியது. எதிர்வீட்டு அம்மா, "சபைக்குக் கீபோர்டா வாங்கிருக்கீக?" என்றார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். கூடவே பனியில் திருகும் ஆணிகள் ஒரு பொட்டலம் வந்திருந்தது. அது எங்கள் கரையின் சரளை மண்ணில் இறங்கவே இல்லை, கடைசிவரை கல் வைத்துத்தான் கட்டினேன்.

நிறுத்துவது சுலபமாக இருந்தது. கொண்டுபோய்ச் சேர்ப்பதில்தான் உயிர் போனது. ஸ்கூட்டரில் குறுக்கே வைத்தால் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு எதிரே வருகிறவர்களைக் குத்தும். பின்சீட்டில் நிமிர்த்தி வைத்து என் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். அப்படியே கண்மாய்வரை போய்விட்டேன். ஆனால் கரையில் ஸ்கூட்டர் ஏறாது. மீன் கிடக்கும் இடமோ கலுங்குக்குப் பக்கத்தில், கண்மாய் நிரம்பினால் தண்ணீர் வழிந்து போகுமே, அந்தக் கோடியில். கேஸ் சிலிண்டரில் பாதிக் கனத்தை அவ்வளவு தூரம் தோளில் சுமக்கும் வயது எனக்கு இல்லை. சூட்கேஸ் வைத்துத் தள்ளும் டிராலியைக் கொண்டுபோனேன், அதன் சக்கரம் முதல் பள்ளத்திலேயே மண்ணை அப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. சறுக்குப் பலகையை எங்கே போய் வாங்குவது? நமக்குப் பனியும் இல்லை.

அப்போதுதான் பரணில் கிடந்த பிளெக்ஸ் ஞாபகம் வந்தது. என் கணவரின் முதலாம் ஆண்டு நினைவஞ்சலிக்குத் தம்பி அடித்து, பழங்காநத்தம் முக்கில் கட்டியது. மேலே சிலுவை, நடுவில் என் கணவர் முகம், கீழே கைகூப்பியபடி தம்பி. நான் எங்கேயும் இல்லை. அவிழ்த்த பிறகு, "வச்சுக்கோங்க மதினி" என்று என்னிடம் கொடுத்துவிட்டார். அதை வைத்துக்கொண்டு ஒருத்தி என்ன செய்வாள் என்று அவர் யோசித்திருக்க மாட்டார். எங்கள் ஊரில் பிளெக்ஸ் எதற்குத்தான் ஆகாது? மாட்டுக் கொட்டகைக் கூரை, சிமெண்டு மூட்டை, மழையில் நனையும் சோபா, எல்லாவற்றுக்கும் யாராவது ஒரு தலைவரோ மணமக்களோ மேலே கிடந்து சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

வழவழப்பாக, நான்கு மூலையிலும் கயிறு கோக்க ஓட்டையோடு, இழுப்பதற்கென்றே செய்ததுபோல் இருந்தது. கூடாரத்தை அதன்மேல் கிடத்தி, கயிறு கட்டி இழுத்தேன். கரைப் புல்லில் சரசரவென்று வந்தது. ஒரு விஷயத்தில் மட்டும் யோசித்தேன். அவர் முகம் கீழே இருந்தால் கல்லும் முள்ளும் கீறிவிடும். மனது கேட்கவில்லை. முகத்தை மேலே பார்த்த மாதிரி வைத்து, அதன்மேல் கூடாரத்தை வைத்தேன். குப்புறப் போட்டிருந்தால் யாருக்குமே தெரிந்திருக்காது.

அன்று கலுங்குப் பக்கம் நான் கூடாரத்தை நிறுத்தி, ஜிப்பைப் போட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தபோது கிடைத்ததுபோல ஒரு நிம்மதி எனக்கு அவர் இறந்த பிறகு கிடைத்ததில்லை. சன்னல் வழியாகத் தக்கை தெரிந்தது. ஒதுங்க வேண்டியபோது பின்மூலையில் குழி தோண்டி ஒதுங்கினேன், மண்ணைத் தள்ளி மூடினேன், மறுபடி வந்து தூண்டிலைப் பிடித்தேன். இருமுவதற்கு ஆள் தேவைப்படவில்லை. கொஞ்சம் அழுதேன். மீனும் நிறையவே கிடைத்தது.

திரும்பி வரும்போது பை ஒரு பக்கமாகச் சரிந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த யாரோ கைப்பேசியில் படம் எடுத்து, அது கைமாறிக் கைமாறி, நான் மீனைக் கழுவி முடிப்பதற்குள் தம்பிக்கு வந்துவிட்டது. ஒரு பொம்பளை கயிற்றைப் பிடித்து இழுக்கிறாள், பின்னால் புழுதியில் என் கணவர் வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வருகிறார்.

தம்பியும் அவர் மனைவியும் அன்று சாயங்காலமே வந்தார்கள். இரண்டு வருஷத்தில் அவ்வளவு வேகமாக அவர்கள் என் வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

"எங்கண்ணன மண்ணுல போட்டு இழுத்துக்கிட்டுப் போயிருக்கீக. ஊரே பாத்துச் சிரிக்குது" என்றார் தம்பி.

"மொகத்த மேல பாத்துத்தான் வச்சிருந்தேன், தம்பி."

"எம்புட்டு தைரியமா சொல்றீக. ஒத்தப் பொம்பளைக்குக் கண்மாயில என்ன சோலி? மீன் வேணும்னா சொன்னா நான் வாங்கித் தரமாட்டேனா?"

எனக்கு வந்த கோபத்தில் வாய் நிற்கவில்லை. "எனக்கு மீனு வேணாம். உங்கண்ணன் இருந்தப்ப நான் ஒதுங்கப் போனா முதுகக் காட்டிக்கிட்டு நிப்பாரு. உங்களை எத்தனை தடவை கூட வாங்கன்னு கூப்பிட்டேன்? நீங்க வந்து அப்படித் திரும்பி நின்னிருந்தா நான் ஏன் இந்தத் துணிய இழுத்துக்கிட்டு அலையிறேன்?"

தம்பியின் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்குப் புரிந்தது. தம்பி, "சே, அதெல்லாம் எதுக்குப் பேசிக்கிட்டு" என்றார். பிறகு பெரிய மனது பண்ணி, "சரி, இனிமே தனியா போகாதீக. சனிக்கிழமை நானே கூட வாரேன்" என்றார். பிளெக்ஸைத் துடைத்து, சுருட்டி, கையோடு கொண்டுபோனார்.

சொன்னபடியே வந்தார். காரில் வந்தார், கூட இரண்டு நண்பர்களோடு. கூடாரத்தை ஆளுக்கு ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு கலுங்குவரை போனார்கள், நான் தூண்டிலை மட்டும் எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். அதுவரைக்கும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கூடாரம் நின்றதும் மூன்று பேரும் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். "டென்ட்டு சூப்பரா இருக்கு மாப்ள" என்றார் ஒருவர். தம்பி என் தூண்டிலை வாங்கிச் சன்னல் வழியாக நீட்டினார். "நாங்க இருக்கம்ல மதினி, நீங்க நிம்மதியா ஒக்காருங்க" என்றார். நான் வெளியே வெயிலில், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அவர்கள் பிடித்துப் போட்ட மீனைச் செதில் உரசிக் கொடுத்தேன்.

மதியம் நெருங்கும்போது அடிவயிறு கனக்க ஆரம்பித்தது. கூடாரத்துக்குள்ளே மூன்று ஆண்கள் கைப்பேசியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே வாருங்கள் என்று சொன்னால் எதற்கு என்று கேட்பார்கள். எதற்கு என்று என் வீட்டு நடுவில் நின்று நான் ஒரு தடவை சொல்லியாகிவிட்டது. அதை இரண்டாம் தடவை, வேற்று ஆண்கள் முன்னால் சொல்ல என்னால் முடியவில்லை. அடக்கிக்கொண்டேன். திருப்பரங்குன்றத்திலிருந்து வீடுவரை ஒவ்வொரு வேகத்தடையிலும் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். என்னையும் கூடாரத்தையும் இறக்கிவிட்டு, "நல்லா பொழுது போச்சுல்ல மதினி? அடுத்த வாரமும் போவோம்" என்றார் தம்பி. இந்தத் தடவை 'பாப்போம்' என்று சொன்னது நான்தான்.

அடுத்த சனிக்கிழமை காலை அவர் போன் செய்தபோது நான் கலுங்குப் பக்கம் கூடாரத்துக்குள் இருந்தேன். பிளெக்ஸ் போனால் என்ன, பழைய சாக்கில் வைத்து இழுத்து வந்திருந்தேன், நேரம்தான் கூடுதலாக ஆனது. "எத்தன மணிக்குக் கிளம்பணும் மதினி?" என்றார். தக்கை அசைந்துகொண்டிருந்ததால் குரலைத் தாழ்த்தி, "உடம்புக்கு முடியல தம்பி, படுத்திருக்கேன்" என்றேன். "அப்படியா, நல்லா ரெஸ்ட் எடுங்க" என்று வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் எனக்கு உடம்புக்கு முடிவதில்லை. இதற்குள் குடும்பம் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஜெபத்தில் என் பெயரைச் சொல்லுகிறார்கள். போனில் எல்லோரும் அக்கறையாக விசாரிக்கிறார்கள், நானும் ஒரு கையில் தூண்டிலைப் பிடித்துக்கொண்டே முனகிப் பதில் சொல்கிறேன். அவர்களில் ஒருவராவது ஒரு சனிக்கிழமை என்னைப் பார்க்க வந்திருந்தால், கதவில் பூட்டுத் தொங்குவது தெரிந்திருக்கும். இன்றுவரை யாருக்கும் தெரியாது.